‘கத்தார் உம்முடனே’ என்று ஜெபிக்கிற பிள்ளையைத் திருத்தவா, விடவா?

தையல்கடை அக்கா எழுதியது:

எல்லாருக்கும் தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. எனக்குத் தொழில் தையல். வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் கிடக்கிறது. ஜூன் மாதம் பள்ளிச் சீருடை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் சுடிதார், ஏப்ரல் மே என்றால் புதுநன்மை ஃபிராக், அதாவது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளுக்கான உடை. பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தது. கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற மறைக்கல்வி டீச்சராவேன் என்று நினைத்ததே கிடையாது. போன வருஷம் பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, புதுநன்மை வகுப்புக்கு ஆள் இல்லை என்று சாமியார் சொன்னார். யாரும் கை தூக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். “அன்பியத்துல வாசகம் நல்லா வாசிக்கிறியேம்மா” என்றார். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கிற கூட்டம். என் தகுதி அவ்வளவுதான்.

23 பிள்ளைகள். மூன்றாவதும் நான்காவதும் படிக்கிறவர்கள். ஞாயிறு ஆறரை பூசை முடிந்து எட்டு மணிக்குக் கோயில் தெற்கு வராந்தாவில் பாய் விரித்து வகுப்பு. பாதிப் பேர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் அப்பாமார் எல்லாம் கரையில்தான் இருப்பார்கள். வராந்தாவை ஒட்டியே சீட்டு விளையாட்டு, வலை பொத்தல், சத்தம். அதற்கு மேல் என் தொண்டை. பெற்றோர் இதுவரை என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “ஃபிராக்குக்கு நெட் துணி எத்தனை மீட்டர் எடுக்கணும்?”

விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மந்திரம், அதாவது மனப்பாட ஜெபம், எல்லாம் மூச்சு விடாமல் சொல்வாள். மாதாவிடம் வேண்டுகிற ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும்போது மட்டும் ஒரு இடத்தில் என் காதில் இடறிக்கொண்டே இருந்தது. நாக்கு புரளவில்லை போல என்று முதலில் விட்டுவிட்டேன். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.

“அருள் நிறைந்த மரியே வாழ்க. கத்தார் உம்முடனே.”

“கர்த்தர்னு சொல்லும்மா.”

“கத்தார்.”

“கத்தார்னா என்ன?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாமலா டீச்சர் ஆனே என்பதுபோல. “எங்கப்பா இருக்குற ஊரு டீச்சர்.”

அவள் அப்பா தோஹா பக்கம் கட்டட வேலையில் இருக்கிறார். போய் இரண்டரை வருஷம் ஆகிறது. நான் விடாமல், “அப்ப ‘பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர்’னு அடுத்து வருதே, அது யாரு?” என்று கேட்டேன். “அது வீட்ல இருக்குறவங்க. எங்கம்மா, எங்காச்சி, நான்.”

அதாவது மாதா கத்தாருக்குப் போய் அப்பாவோடு இருக்கிறார். இங்கே வீட்டில் இருக்கிற பொம்பளைகளுக்கு ஆசீர்வாதம். முழு ஜெபத்தையும் அவளாகவே அர்த்தம் பண்ணி வைத்திருக்கிறாள். ராத்திரி அப்பா வீடியோ காலில் வந்து போனபிறகு ஆச்சியோடு உட்கார்ந்து செபமாலையில் இப்படித்தான் ஐம்பத்து மூன்று தடவை சொல்கிறாள். எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. “சரி, போய் உட்காரு” என்று சொல்லிவிட்டேன்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் பரீட்சை. எங்கள் மறைக்கல்விப் பொறுப்பாளர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு ஒப்புவிக்கச் சொல்வார். சிலுவை அடையாளத்தில் தொடங்கி விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, ஏழு அருளடையாளம், மனத்துயர் மந்திரம் வரை. போன வருஷம் திக்கின ஒரு பையனை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, “உனக்குப் புதுநன்மை அடுத்த வருஷம்தான்” என்று சொல்லி அழவைத்திருக்கிறார்கள். இவள் கத்தார் என்று சொன்னால் அங்கே எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்ற 22 பேரும் ‘கர்த்தர்’ என்று சரியாகத்தான் சொல்கிறார்கள். யாருக்கும் அர்த்தம் தெரியாது. ஒருத்தன் ‘எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்’ என்பதற்கு, அறிவியல் புத்தகத்தில் வருகிற சோதனை, மெழுகுவர்த்தி மேல் டம்ளர் கவிழ்ப்பது, என்கிறான். திருத்தலாமா? திருத்தினால் எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில் எழுதியது:

மகளே, திருத்தத்தான் வேண்டும். ஆனால் நீ பயப்படுகிற அளவுக்கு இது பெரிய குற்றம் இல்லை. உன் கடற்கரையிலேயே இதைவிடப் பெரிய தப்பு நடந்திருக்கிறது, செய்தவர் பெயரில் இன்று ஊர் ஊராகக் கோயில் இருக்கிறது.

புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்ச்சுக்கீசியமும் தமிழும் தெரிந்த சிலரைக் கூட்டிவைத்துப் படாதபாடு பட்டு மந்திரங்களைத் தமிழில் எழுதினார். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றைய மறைக்கல்விக்கு அந்த மணிதான் ஆரம்பம் என்று எங்கள் உபதேசியார் சொல்வார்.

அந்த மொழிபெயர்ப்பில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று விழுந்துவிட்டது. ஊர் முழுக்க ஜனங்கள், கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு விவரம் தெரிந்து, உடனிருந்த மன்சிலாசுக்குச் சவேரியாரே கடிதம் எழுதுகிறார்: இனிமேல் ‘வேணும்’ என்று சொல்லாதே, அதற்கு ஆசைப்படுகிறேன் என்றுதான் பொருள், ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லிக்கொடு என்று. யாரையும் நிறுத்தி வைத்து அழவைத்ததாக அந்தக் கடிதத்தில் இல்லை. அதுவரை ‘வேணும்’ என்று சொன்னவர்களின் ஞானஸ்நானம் செல்லாது என்றும் இல்லை.

அவருக்குப் பின்னால் வந்த அன்றிக்கே அடிகளார் தமிழை முறையாகப் படித்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் வேலை. மொத்தம் 16 பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறியது ஞானோபதேசப் புத்தகம்தான் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? மறுவருஷம் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியாணி வணக்கம்’ கேள்வி பதிலாக இருக்கும். எங்கள் அம்மா காலத்துச் ‘சின்னக் குறிப்பிடம்’ என்ற ஞானோபதேசப் புத்தகமும் அதே போக்குதான். “உன்னைப் படைத்தவர் யார்?” என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். “சர்வேசுரன்” என்று திண்ணையிலிருந்து கத்துவோம். சர்வேசுரன் என்றால் யார் என்று எனக்குப் பதினைந்து வயதுக்கு மேல்தான் உறைத்தது. ஆனாலும் உறைப்பதற்கு ஒரு சொல் உள்ளே கிடந்தது பார்.

அதனால் மனப்பாடத்தைத் திட்டாதே. இன்று என்ன நினைத்துச் சொல்கிறாள் என்று நீ கேட்டாய். என் 34 வருஷ வாத்தியார் வேலையில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அது என் குறை.

பெசன்ட்நகர் பையன் எழுதியது:

அக்கா, விட்ருங்க. ப்ளீஸ். கர்த்தரே கேட்டா சிரிச்சிட்டுப் போயிடுவார்.

எனக்கு மறைக்கல்வின்னா ஞாபகம் வர்றது பிரம்புதான். சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள் ‘பாவ லிஸ்ட்’ எழுதிட்டு வரச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் தோணல. பக்கத்துப் பையன் லிஸ்டைக் காப்பி அடிச்சேன். அதுல ‘தங்கச்சியை அடித்தேன்’னு இருந்தது. எனக்குத் தங்கச்சியே கிடையாது. சாமியார்கிட்ட அதையும் சேர்த்துச் சொல்லி, அதுக்கும் சேர்த்து மூணு அருள் நிறைந்த மரியே சொன்னேன். இப்போ நினைச்சா சிரிப்பு, அப்போ ராத்திரி எல்லாம் பயம், பொய் சொன்னதுக்குத் தனியா பாவமான்னு.

பன்னிரண்டு வருஷம் வகுப்புக்குப் போனேன். உங்களை மாதிரி ஒருத்தர்கூட “நீ என்னடா நினைச்சுச் சொல்ற”ன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா இன்னும் கோயிலுக்குப் போயிட்டிருப்பேனோ என்னவோ. அந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச அர்த்தத்தைக் கெடுத்துடாதீங்க.

மன்னார் ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, நான் மன்னாரில் பள்ளிக்கூடத்திலயும் படிப்பிக்கிறன், ஞாயிறு மறைப்பாடசாலையிலயும் படிப்பிக்கிறன். எங்கட நாட்டில சமயம் ஒரு பாடம். தரம் 1 இலிருந்து 11 மட்டும் எல்லாப் பிள்ளையளும் அவையவையின்ர சமயத்தைப் படிக்க வேணும். எங்களுக்குக் கத்தோலிக்க திருமறை, பக்கத்து வகுப்பில சைவநெறி. புத்தகம் அரசாங்கமே அடிச்சு இலவசமாக் குடுக்கும். சாதாரண தரப் பரீட்சையிலயும் இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா என்ன நடக்குது தெரியுமோ, பிள்ளையள் “ரீச்சர், இது சோதினைக்கு வருமோ?” எண்டு கேக்குதுகள். மலைப்பொழிவு படிப்பிச்சுக்கொண்டிருக்கேக்க! ‘ஏ’ எடுத்த பிள்ளை பூசைக்கு வராது, பூசைக்கு வாற பிள்ளை ‘எஸ்’ எண்ட சாதாரண பாஸ்தான் எடுக்கும்.

அப்பிடிச் சொன்னாலும் மனப்பாடத்தைப் பற்றி வாத்தியார் ஐயா சொன்னதுக்கு நானும் சாட்சி. 2008 இல, யுத்தத்தால, மடுக் கோயில் மாதாவின்ர சுரூபத்தையே பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன காலம். நாங்களும் இடம்பெயர்ந்து திரிஞ்சம். புத்தகமும் இல்லை, செபமாலையும் கன பேரிட்ட இல்லை. விரலை மடிச்சு எண்ணித்தான் செபமாலை சொன்னது. அண்டைக்குக் கைகொடுத்தது வாயில இருந்த மந்திரம் மட்டும்தான். அதில எத்தினை சொல்லுப் பிழையாச் சொன்னமோ, ஆர் கண்டது.

உங்கட பிள்ளையைத் திருத்துங்கோ, ஆனா அவளைத் தனியக் கூப்பிட்டுத் திருத்தாதேங்கோ. கூப்பிட்டாலே பிழை செய்திட்டன் எண்டு விளங்கியிடும். முழு வகுப்புக்கும் அந்தச் சொல்லைப் படிப்பியுங்கோ. அவள் தானாப் பிடிப்பாள்.

வெள்ளைச் சேலை எழுதியது:

நான் துறவி. திண்டுக்கல் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. வாரத்துக்கு இரண்டு பீரியட் மறைக்கல்வியும் என் தலையில். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் மற்ற சமயத்தவர். அவர்கள் பக்கத்து அறையில் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். அரசியலமைப்புச் சட்டம் 28(3) அப்படி. அரசு உதவி பெறும் பள்ளியிலோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ, பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனைக்கு உட்காரவைக்க முடியாது. அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். கட்டாயத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆண்டவரைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் பள்ளியில் பீரியட் இருக்கிறது என்று பங்குக் கோயிலும், பங்கில் வகுப்பு இருக்கிறது என்று பள்ளியும், இரண்டும் இருக்கிறதே என்று வீடும் கைகழுவிவிடுவதைத்தான் நான் அன்றாடம் பார்க்கிறேன்.

உங்கள் பயம் அந்தப் பரீட்சைதானே. அதற்கு ஒன்று சொல்கிறேன், உங்கள் பொறுப்பாளரிடம் பணிவாகச் சொல்லுங்கள். முன்பெல்லாம் பல இடங்களில் பிள்ளைகளுக்கு 10, 12, ஏன் 14 வயதுவரைகூட நன்மை கொடுக்க மாட்டார்கள். நன்றாகப் படித்துவிட்டு வரட்டும் என்று நிறுத்திவைப்பார்கள். 1910 ஆகஸ்ட் 8-ம் தேதி புனித பத்தாம் பத்திநாதர் காலத்தில் ‘குவாம் சிங்குலாரி’ என்ற ஆணை வந்து அதை மாற்றியது. ஏழு வயதை ஒட்டிப் புத்தி தெளிகிற பருவம் போதும் என்றது. மறைபோதனை முழுவதும் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை, நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வேறுபாடு தெரிந்து, தன் வயதுக்கு ஏற்ற பக்தியோடு வந்தால் போதும் என்பது அதன் சாரம். இப்போதைய திருச்சபைச் சட்டம் 913-ம் பிள்ளையின் ‘திறனுக்கு ஏற்ப’ என்றுதான் சொல்கிறது. ஒரு சொல் இடறினதற்காக ஒரு வருஷம் தள்ளிப்போட எந்த ஆணையிலும் இடமில்லை.

வகுப்புக்கு ஒரு வழி. ‘கர்த்தர்’ என்பதைக் கரும்பலகையில் எழுதாதீர்கள், எழுதினால் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த வார்த்தை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று கதையாகச் சொல்லுங்கள். நாசரேத்தில் ஒரு வீடு, ஒரு பெண்பிள்ளை, கபிரியேல் வானதூதர். வந்ததும் தூதர் சொல்வது, ‘ஆண்டவர் உன்னோடு இருக்கிறார்’ என்று. அவள் கலங்கிப்போகவும், ‘பயப்படாதே’ என்கிறார். லூக்கா முதல் அதிகாரம். அது கலங்கி நின்ற ஒரு பிள்ளைக்குக் கிடைத்த வார்த்தை என்று தெரிந்தால் உங்கள் பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்காது.

தோஹா ஃபோர்மேன் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். நான் இருப்பது அந்தப் பிள்ளை சொல்கிற ஊரில்தான். ஊரில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஏழு வயது.

அவளிடம் சொல்ல உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கத்தாரில் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. 2008-ல் திறந்தார்கள். அமீர் கொடுத்த நிலம். கோயிலின் பெயர் என்ன தெரியுமா? செபமாலை மாதா. சத்தியமாகத்தான் சொல்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் சிலுவையும் தெரியாது, மணியும் கிடையாது, ஏதோ மண்டபம் என்று நினைப்பார்கள். வாசலில் சோதனை பண்ணித்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போனால் நம் ஊர் திருவிழா மாதிரி கூட்டம். மலையாளி, பிலிப்பைன்ஸ்காரர், கோவாக்காரர், சிங்களவர், நம்மவர். இங்கே வார விடுமுறை வெள்ளி. அதனால் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. மறைக்கல்வி வகுப்பும் அன்றைக்குத்தான். குடும்பத்தோடு இருக்கிறவர்களின் பிள்ளைகள் வருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள்கூட இங்கிலீஷில்தான் ‘ஹெயில் மேரி’ சொல்லும். கர்த்தரும் இல்லை, கத்தாரும் இல்லை.

எங்களை மாதிரி கேம்பில் இருக்கிறவர்களுக்கு வெள்ளிதோறும் போக முடியாது. ஓவர்டைம் போட்டால் அந்த வாரம் பூசை இல்லை. வண்டி கிடைத்தால் உண்டு. போன முறை போனபோது பின்னால் ஒரு ஆள் நின்று பூசை முழுக்கக் கண் மூடியிருந்தார். ஜெபம் என்று நினைத்தேன். குறட்டை வந்தது. நின்றபடியே தூங்கிவிட்டார். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு இது தெரியுமா? தெரியாது என்றால் சொல்லிவிடுங்கள். எங்களுக்காக இப்படி ஒரு ஆள் தினமும் சொல்கிறது என்று தெரிந்தால் ஒரு மாசம் ஓடும்.

தையல்கடை அக்கா எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. புதுநன்மை முடிந்து நாலு நாள் ஆகிறது. 11 ஃபிராக் தைத்ததில் விரல் வீங்கியிருக்கிறது, அதனால்தான் தாமதம்.

சிஸ்டர் சொன்னபடி கதை சொன்னேன். அதற்கு முன்னால் மொத்த வகுப்பையும் கேட்டேன், “கர்த்தர்னா யாரு?” என்று. 23 பேரும் சும்மா இருந்தார்கள். பிறகு ஒருத்தன், “சாமியாருக்கு மேல இருக்கிற பெரிய சாமியார்” என்றான். இன்னொருத்தி, “பிஷப்பா டீச்சர்?” வருஷம் பூரா தினமும் சொல்கிற வார்த்தை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம், அவளும்தான். அந்தச் சிரிப்பில் யாருக்கும் அடி படவில்லை.

கதை முடிந்ததும் அவளைப் பார்த்துக் கேட்காமல் பொதுவாகவே கேட்டேன். “அப்ப ஆண்டவர் மாதாகூட இருக்காரு. வேற யார்கூட இருப்பாரு?” ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடலுக்குப் போறவங்ககூட. ஆஸ்பத்திரியில இருக்குற தாத்தாகூட. எங்க வீட்டு ஆட்டுக்குட்டிகூட. அவள் கை தூக்கினாள்.

“கத்தார்ல இருப்பாரா டீச்சர்?”

“இருப்பாரே.”

கொஞ்சம் யோசித்தாள். “வெள்ளிக்கிழமைதான் இருப்பாரு. அன்னைக்குத்தான் எங்கப்பாவுக்கு லீவு.”

தோஹா தம்பி, நீங்கள் எழுதினதை அவளுக்குச் சொன்னேன். மாதா கோயில் இருக்கிறது, பேர் செபமாலை மாதா என்று. அவள் ஆச்சரியப்படவே இல்லை. எனக்கு அது முன்னாலேயே தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினாள். அவள் அம்மாவிடமும் சொன்னேன். அந்தப் பிள்ளை இப்படிச் சொல்வது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லும்போது யார் கவனிக்கிறார்கள். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

பொறுப்பாளரிடம் 1910 கதையைச் சொன்னேன். “நீங்க எப்ப இதெல்லாம் படிச்சீங்க?” என்று கேட்டார், குரல் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் இந்த வருஷம் ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிட்டுத்தான் கேட்டார், எல்லாருக்கும் முன்னால் நிறுத்தவில்லை. இவள் ‘கர்த்தர்’ என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டு வந்தாள். டிக் போட்டுவிட்டார்கள். வெளியே வந்து என்னிடம், “ரெண்டும் சொல்லலாமா டீச்சர்?” என்றாள். “பரீட்சை முடிஞ்சுது, ஓடு” என்றேன்.

ஒத்திகையில் வெறும் அப்பம் கொடுத்துப் பழக்கினபோது, “அண்ணத்துல ஒட்டுது” என்று பாதிப் பிள்ளைகள் விரலை விட்டு நோண்டினார்கள். உண்மையான நாளில் ஒருத்தர்கூட வாயில் விரல் வைக்கவில்லை. சிஸ்டர் சொன்ன அந்த வேறுபாடு அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

நேற்று அவள் வீட்டில் அன்பியக் கூட்டம். செபமாலையில் முன்பாதியைச் சொல்லும் முறை ஐந்தாவது பத்துமணிக்குப் பிள்ளைகளிடம் வந்தது. பத்து மணியையும் அவளே சொன்னாள். முதல் ஆறேழு சரியாகத்தான் வந்தது. பிறகு தூக்கம் கண்ணைச் சொக்கிவிட்டது, ஆச்சி மடியில் சாய்ந்துகொண்டே சொல்கிறாள். எட்டாவதா ஒன்பதாவதா தெரியவில்லை, “கத்தார் உம்முடனே” என்று விழுந்தது. ஆச்சிக்குக் காது மந்தம். அவள் அம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் குனிந்துகொண்டு, “புனித மரியே, இறைவனின் தாயே” என்று மற்றவர்களோடு சேர்ந்து பின்பாதியைச் சொன்னேன்.